ஜீவராணி சுவிட்ச் போட்டால்

காலையில் ஜீவராணி சுவிட்சைப் போட்டால் அந்தக் கணினி கூவும். நீளமாக ஒரு கூவல், சிறிது நிறுத்தம், மறுபடியும் கூவல். திரை கறுப்பாகவே கிடக்கும். மத்தியானம் தொழிற்சங்கத் தோட்டத் தலைவர் ராமச்சந்திரனின் மனைவி இந்திராணி வந்து அதே சுவிட்சைப் போட்டால் சத்தமில்லாமல் எழும்பிவிடும். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு ஐப்பசி முழுவதும் மூணாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் இதுதான் பேச்சு.

நான் அப்போது தெஹியோவிட்டையில் தாஸிம் நானாவின் கடையில் கணினி திருத்திக்கொண்டிருந்தேன். தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தால் நானா என்னைத்தான் அனுப்புவார். நான் அதிகம் பேசுவதில்லை என்பதால் எந்த வீட்டிலும் சண்டை வராது என்பது அவருடைய கணக்கு.

ஜீவராணி அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் பால்வெட்டுக்காரர்கள். சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்ததும் அவிசாவளைக்கு பஸ்ஸில் போய்க் கணினி படித்தாள். முதல் வகுப்பில் மவுசைத் தொடவே பயந்து அதைத் துணியால் பிடித்தாளாம். படித்து முடித்த கையோடு சதீசைக் கட்டிக்கொண்டாள். அவன் ரப்பர் ஷீட்டுகளை மூங்கிலில் தொங்கவிட்டுப் புகை போடும் புகைவீட்டில் வேலை செய்தவன். அவன் சட்டையைத் துவைத்தால் தண்ணீர் தேயிலைச் சாயம் போல ஓடும் என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

கொழும்பில் இருந்த ஓர் அமைப்பிடம் பல தடவை நடந்து, குழந்தைகளைப் பார்க்கும் பழைய பிள்ளைக்காம்பராவின் பாதியைச் சுத்தம் செய்து, அந்தக் கணினியைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து நிலையம் தொடங்கியவர் தலைவர் ராமச்சந்திரன். பொறுப்பாக யாரைப் போடுவது என்ற கேள்வி வந்தபோது ஜீவராணியின் பெயரைச் சொன்னவரும் அவர்தான். மாதாமாதம் சிறிய கொடுப்பனவு ஒன்று வந்தது. அதைவிடப் பெரியது வேறொன்று இருந்தது. கார்த்திகைக் கடைசியில் அமைப்பின் ஆட்கள் வந்து பார்ப்பார்கள். நிலையம் ஒழுங்காக நடந்தால், நடத்துபவரை ஜனவரியில் கொழும்புக்குப் பயிற்சிக்கு எடுப்பார்கள். பயிற்சி முடிந்தால் சுற்றியுள்ள தோட்டங்களின் நிலையங்களுக்கெல்லாம் ஆசிரியை வேலை. காலையில் தோட்ட வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் பேர் கொடுக்காமல் வாழ ஜீவராணிக்குக் கிடைத்த ஒரே வழி அது.

ஆடி மழையில் தண்ணீர் வடியும் கான் வெட்டப் போன சதீசுக்குக் காய்ச்சல் கண்டது. கண் மஞ்சளானது. ஆஸ்பத்திரியில் எலிக்காய்ச்சல் என்றார்கள். அந்த வருடம் பல லயத்து வீடுகளில் அந்தச் சொல் கேட்டுக்கொண்டிருந்தது. பெட்டியில் அடைத்துத்தான் கொண்டுவந்தார்கள்.

கருமாதி முடிந்த மறுவாரமே ஜீவராணி நிலையத்தைத் திறந்தாள். ஒரு வருடம் போகட்டுமே என்று சிலர் முணுமுணுத்தார்கள். தலைவர் அவர்களிடம் கேட்டது ஒன்றுதான்.

"வயிறு வருசம் பாக்குமா?"

நான் முதல் தடவை போனது ஒரு மத்தியானம். தகரக்கூரை கொதித்துக்கொண்டிருந்தது. சுவிட்சைப் போட்டேன். கணினி எந்த முறைப்பாடும் இல்லாமல் எழும்பிற்று. நான் என்ன சோதித்தாலும் சரியாகச் சொன்னது. வாசலில் நின்ற ஒரு பெண் வாய்க்குள் சிரித்தாள்.

"தம்பி வந்தா ஓடுது, இந்திராணியக்கா வந்தா ஓடுது. அதுக்கும் ஆளு தெரியுது போல."

ஜீவராணி அவள் போகும்வரை காத்திருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"பொய் சொல்றேன்னு நெனைக்காதீங்க தம்பி. காலைல நெசமாவே கூவுச்சு."

"நெனைக்கலக்கா. டாக்டர்கிட்ட போனதும் காய்ச்சல் விட்டுருமே, அது மாதிரிதான் இது."

அவள் சிரிக்கவில்லை. காய்ச்சல் என்ற சொல்லை நான் தவிர்த்திருக்கலாம்.

கடைக்குத் திரும்பி நானாவிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே ஒரு கீபோர்டைத் தலைகீழாகத் தட்டி அதிலிருந்த பிஸ்கட் தூளைக் கொட்டினார்.

"மத்தியானம் போனா மத்தியானத்து நோய்தான் தெரியும் மகன். காலையில கூவுதுண்டு செல்றாங்க, நீ காலையில போ."

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். இரவெல்லாம் மழை. ரப்பர் மரங்களுக்கிடையில் பனி இறங்கி நின்றது. நிலையத்தின் சுவரில் கைவைத்தால் கை நனைந்தது. ஜீவராணி சுவிட்சைப் போட்டாள். கூவிற்று. அவள் என்னைப் பார்த்தாள். ஒரு குற்றச்சாட்டு ருசுவானபோது சாட்சியைப் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

அந்தக் கூவல் எங்கள் தொழிலில் தெரிந்த பாஷை. நினைவகப் பலகை சரியாகத் தொடுப்பு எடுக்கவில்லை என்று பொருள். கரண்டைக் கழற்றிவிட்டு, நினைவகத்தை வெளியே எடுத்து, அதன் செப்புப் பற்களை அழிறப்பரால் தேய்த்தேன். துணியால் துடைத்து மறுபடியும் அழுத்திப் பொருத்தினேன். எழும்பிற்று.

அப்போதுதான் இந்திராணி பூக்கூடையோடு உள்ளே எட்டிப் பார்த்தாள். அவள் கண்டது, ஜீவராணியின் கையில் ஓடாதது என் கையில் ஓடுவதை மட்டும்தான்.

"நான் ஒன்னும் சொல்லல்ல. ஊரு சொல்லுது," என்றாள். "மெஷினுக்கும் ஒரு ராசி இருக்குல்ல? லொறிக்கு எலுமிச்சம்பழம் வச்சுத்தானே எடுக்கிறாங்க."

வகுப்புக்கு வந்திருந்த ஓர் இளைஞன் சும்மா இருக்கவில்லை. "அப்ப விண்டோசுக்கும் ஒரு பழம் வைப்போமா மாமி?"

"பிஸ்ஸா ஒனக்கு? பைத்தியக்காரா, சாமி விசயத்துல வெளையாடாத."

இரண்டொரு நாளில் மறுபடியும் கூவிற்று. இம்முறை நான் நினைவகத்தை மாற்றிப் பார்த்தேன். கடையிலிருந்து வேறொன்று கொண்டுபோய்ப் போட்டேன். வேறு பொந்தில் போட்டேன். பவர் பெட்டியை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் நான் அங்கே இருக்கும் நேரத்துக்குள் வெயில் ஏறிவிடும், கணினி ஓடிவிடும். நான் பஸ் ஏறுவேன். மறுநாள் காலை ஜீவராணி சுவிட்சைப் போடுவாள்.

ஒன்றை மட்டும் கவனித்தேன். பின்னேரம் மழை இருட்டிக்கொண்டு வந்தால், பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும்போதே திரை நீலமாகி நின்றுவிடும். அப்போது கீபோர்டின் முன்னால் இருந்தது ஒரு பிள்ளையாக இருக்கும். ஒருமுறை தலைவரே இருந்தார். ஆனால் அவற்றை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. காலைகளை மட்டும் எல்லோரும் ஞாபகம் வைத்திருந்தார்கள். காலையில் திறப்பவள் ஜீவராணி.

ஈரம் வந்தால் படுக்கிறது, சூடு வந்தால் எழும்புகிறது. அப்படியானால் உள்ளே ஏதோ ஈரத்தைக் குடிக்கிறது. அடுத்த முறை போனபோது தாய்ப்பலகையையே கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். நினைவகப் பொந்தின் அடியில், ஒளிந்திருந்த மாதிரி, மஞ்சளாக ஒரு படை. அதன் விளிம்பில் செம்பு பச்சை பூத்திருந்தது. விரலில் சுரண்டி முகர்ந்தேன். மஞ்சள் மட்டும் இல்லை.

"இதுக்குள்ள ஏதாவது ஊத்துனாங்களாக்கா?"

அவள் பலகையைப் பார்த்தாள். முகர்ந்து பார்க்க நான் நீட்டவில்லை. அவளே குனிந்து முகர்ந்தாள். பிறகு கதவுப் பக்கம் பார்த்தாள்.

"ஆயுத பூசைக்கி தெளிச்சாங்க," என்றாள்.

அந்தக் கணினியின் பக்க மூடி கொழும்பிலிருந்து லொறியில் வரும்போதே தொலைந்துவிட்டிருந்தது. ஜீவராணி துணியில் ஓர் உறை தைத்துப் போட்டிருந்தாள். பூசையன்று பால்வெட்டுக் கத்திகள், மருந்தடிக்கும் மெஷின்கள், தையல் மெஷின்கள், தோட்டத்து லொறி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டுப் பூசாரி கடைசியாக நிலையத்துக்கு வந்தார். துணி உறையை எடுத்தார்கள். சந்தனம் வைத்தார்கள். வேப்பிலையால் தெளித்தார்கள்.

"எல்லாத்துக்கும் தெளிச்ச அதே மஞ்சத்தண்ணிதானே?"

"இல்ல. இதுக்கு மட்டும் கோமியம் கலந்தாங்க. நெறைய."

"எதுக்கு இதுக்கு மட்டும்?"

"நான் பொழங்குறதுல்ல தம்பி. தீட்டு போகணும்னு. நான் அன்னைக்கி வெளிய அந்த மரத்துக்கிட்டதான் நின்னேன். அங்கயிருந்தே பாத்தேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. மழையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள். உப்பும் ஈரமும் சேர்ந்து பலகையை மெல்லமெல்லத் தின்றுகொண்டிருந்தன. அவளைக் கழுவுவதற்காகத் தெளித்தது கணினியைக் கெடுத்தது. கெட்ட கணினி அவளைக் காட்டிக்கொண்டிருந்தது.

"நான் தலைவர்கிட்ட சொல்றேன்," என்றேன்.

"மொதல்ல இத ஓட வைங்க. காலைல ஓடணும். நான் போட்டு ஓடணும். கொழும்புக்காரங்க வர்றதுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு."

பலகையைக் கடைக்குக் கொண்டுபோய்த்தான் கழுவ வேண்டும். பழைய பத்திரிகையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். டவுனுக்கு முன்னால் இருந்த வீதித் தடையில் எல்லோரையும் இறக்கினார்கள். வடக்கில் போர் உச்சத்தில் இருந்த அந்த மாதங்களில் அது வழமைதான். என் அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய் பையைத் திறக்கச் சொன்னான். பத்திரிகையைப் பிரித்தான். வயர் முனைகளும் பொட்டுப் பொட்டான ஈயமும் வெயிலில் மினுங்கின.

"மேக்க மொகத?"

இது என்ன என்று கேட்டான். கணினியின் ஒரு துண்டு என்று சிங்களத்தில் சொன்னேன். என் சிங்களம் நன்றாகத்தான் இருந்தது. அதுவே அவனுக்குச் சந்தேகம் கொடுத்திருக்க வேண்டும். தமிழ்ப் பெயர், நல்ல சிங்களம், பையில் வயர். பஸ் என்னை விட்டுவிட்டுப் போயிற்று. என்னைக் கொட்டிலுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். அங்கே எனக்கு முன்னமே ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

அடிக்கவில்லை. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பொலிசுக்கு மாற்றினார்கள். தாஸிம் நானா கடையின் பதிவுப் பத்திரத்தோடு வந்து என்னை வெளியே எடுத்தது மறுநாள். பலகையை விடவில்லை. யாரோ பெரியவர் வந்து பார்க்க வேண்டுமாம். அதற்காக நானா திரும்பத் திரும்ப நடந்தார். அதைக் கையில் வாங்கும்போது அடுத்த வாரம் பிறந்துவிட்டது.

பலகையோடு நானா கடைக்கு வந்தார். எனக்குப் பிளேன்டீ ஊற்றித் தந்துவிட்டுப் பலகையை மோந்து பார்த்தார். நான் கோமியத்தின் கதையைச் சொன்னேன்.

"சிரிக்காத மகன்," என்றார். நான் சிரிக்கவே இல்லை. "எங்கட ஆக்கள் ஓதி ஊதின தண்ணிய ரேடியோவுக்குள்ள ஊத்தினதையும் நான் பாத்திரிக்கேன். நம்பிக்கைக்கு மூடி போட ஏலாது. மெஷினுக்குத்தான் மூடி போடணும்."

ஸ்பிரிட்டில் நனைத்த பழைய பல்துலக்கியால் படையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். பச்சையைச் சுரண்டினேன். அரிபட்டுப்போன ஒரு செப்புக்கோட்டுக்கு மெல்லிய வயரால் பாலம் போட்டேன். மேசை விளக்கின் கீழே வைத்து உலர்த்தினேன். பிறகு ஈரத்துணியைச் சுற்றிவைத்துச் சோதித்தேன். ஓடிற்று. மறுபடியும் சோதித்தேன். ஓடிற்று. நானா ஒரு பழைய பெட்டியின் பக்க மூடியைத் தேடி எடுத்து அளவுக்கு வெட்டித் தந்தார்.

நான் தோட்டத்துக்குப் போன காலையில் தூறிக்கொண்டிருந்தது. நல்லது என்று நினைத்தேன். ஈரமான காலையில்தான் இதைக் காட்ட வேண்டும். நிலையத்தில் எதிர்பாராத கூட்டம். தலைவர், இந்திராணி, பூசாரி, வகுப்புப் பிள்ளைகள். மேசைக்கு முன்னால் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இந்திராணியின் அக்காள் மகள் கிருஷ்ணகுமாரி. ஜீவராணி வாசலுக்கு வெளியே, தாழ்வாரத்தின் ஒழுக்கில் நின்றாள்.

பலகை பொலிசில் கிடந்த நாட்களில், நிலையத்தை இனிக் கிருஷ்ணகுமாரி நடத்தட்டும் என்று கோயிலில் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். பலகையும் வரவில்லை, கணினி திருத்துபவனையும் ஆமி பிடித்துக்கொண்டது. அதையும் ஒரு சகுனமாக யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

பலகையைப் பொருத்தினேன். மூடியைப் போட்டேன். அத்தனை பேருக்கு முன்னால் பேசிப் பழக்கம் இல்லை. ஆனாலும் சொன்னேன்.

"தலைவரே, இது யாரு போட்டாங்கங்கிறதால வந்ததில்ல. உள்ள தண்ணி பட்டிருந்துச்சு. அது ஈரத்துல கோளாறு பண்ணுச்சு. இப்ப கழுவிட்டேன்."

"என்னா தண்ணி?" என்றார் பூசாரி.

"பூசைத் தண்ணி."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பூசாரி கோபப்படவில்லை. என்னைப் பார்த்து இரக்கப்பட்டார்.

"முப்பது வருசமா தெளிக்கிறேன் தம்பி. லொறி நின்னுச்சா? கத்தி மழுங்குச்சா? சாமி தண்ணி எப்புடி கெடுக்கும்?"

"லொறிக்கு மேலதான் தெளிச்சீங்க. இது உள்ளுக்கு."

"ஹரி ஹரி," என்று சிங்களத்தில் சரி சரி சொன்னார் தலைவர், கையைக் காட்டி. "இந்திராணி, நீ போடு."

இந்திராணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்று, சுவிட்சைப் போட்டாள். கூவல் இல்லை. விசிறி சுழன்றது. திரை வெளுத்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். தூறல் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. அந்தத் தூறலில் அது எழும்பியதுதான் என் முழு வாதமும். அதை யாரும் கேட்கவில்லை.

நான் கணினியை மூடினேன்.

"இப்ப ஜீவராணியக்கா ஒருக்கா போடட்டும்," என்றேன்.

ஜீவராணி ஒழுக்கிலிருந்து ஓர் அடி முன்னால் வந்தாள். அவள் கண் திரையில் இருந்தது. அன்று அவள் தலைவாரிப் புதுச்சேலை கட்டி வந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

தலைவர் எழுந்து வந்து என் தோளில் கைபோட்டார். குரலைத் தாழ்த்தினார். ஆனால் அந்த அறை சிறியது.

"தம்பி, நீங்க சொல்றது எனக்கு வெளங்காம இல்ல. அவ போட்டு ஓடாட்டி அவ பேரு கெடும். ஓடுனா பூசாரி பேரு கெடும், கோயில் ரெண்டாகும். ரெண்டும் வேணாம். ஓடிக்கிட்டு இருக்கிறத எதுக்கு நோண்டணும்?"

"ஓடும் தலைவரே. கட்டாயம் ஓடும்."

"அதான் சொல்றேன்."

ஜீவராணி முன்னால் வைத்த காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. கிருஷ்ணகுமாரியைப் பார்த்து, "மூடுறப்ப நேரா கரண்ட நிப்பாட்டிறாத புள்ள. கீழ இருக்க ஸ்டார்ட்ட அமுக்கி மூடு," என்றாள். கிருஷ்ணகுமாரி தலையாட்டினாள். அந்தப் பெண்ணின் முகத்தில் சந்தோசம் எதுவும் தெரியவில்லை. ஜீவராணி குடையை விரிக்காமல் லயத்துக்கு இறங்கிப் போனாள். மறுநாள் காலைப் பிரட்டில் பால்வெட்டுக்குப் பேர் கொடுத்தாள்.

கார்த்திகைக் கடைசியில் அமைப்பின் ஆட்கள் வந்தார்கள். நிலையம் நன்றாக நடப்பதாகச் சொன்னார்கள். ஜனவரியில் கிருஷ்ணகுமாரி கொழும்புக்குப் போனாள். நிலையத்தைத் திறந்து மூடும் வேலை இந்திராணியிடம் வந்தது.

தை மாதம் மறுபடியும் அழைப்பு வந்தது. கணினி ஓடுகிறது, எழுத்தெல்லாம் பெட்டி பெட்டியாகத் தெரிகிறது என்றார்கள். நான் போனபோது ரப்பர் இலைகள் சிவந்து உதிரத் தொடங்கியிருந்தன. தோட்டத்துக்குள் வழக்கத்தைவிட அதிக வெளிச்சம்.

நிலையத்தை நெருங்கும்போதே ஜீவராணியின் குரல் கேட்டது. அவள் வாசற்படிக்கு வெளியே பால்வாளியோடு நின்றாள். ரப்பர்ப் பால் காய்ந்து அவள் பாவாடை விறைத்திருந்தது. உள்ளே இந்திராணி கீபோர்டுக்கு மேல் குனிந்து, ஒற்றை விரலால் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அது இல்லக்கா, அதுக்குப் பக்கத்துல. இல்ல, மேல. இப்ப ஃபொண்ட்டுன்னு ஒன்னு வரும். வந்துச்சா? அதத் தொறங்க. அதுல தமிழ் எழுத்த தேடுங்க."

"எங்கடி இருக்கு?"

"கீழ போங்க. இன்னும் கீழ."

என் வேலைக்கு அங்கே மிச்சம் இருக்கவில்லை. ஜீவராணி என்னைக் கண்டு லேசாகத் தலையசைத்தாள். படியிலிருந்து அவளுக்குத் திரை தெரியாது. மனதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் முற்றத்திலேயே நின்றேன். அவளைத் தாண்டி உள்ளே போகத் தோன்றவில்லை.

இந்திராணிக்குச் சலித்துவிட்டது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எனக்கு கண்ணு தெரியலடி. உள்ள வந்து நீயே செஞ்சி குடுத்துட்டுப் போயேன். யாரு பாக்கப் போறா?"

ஜீவராணி வாளியை மற்றக் கைக்கு மாற்றினாள்.

"வேணாங்க்கா. நீங்களே அமுக்குங்க. வந்துரும்."